நாசா கண்டுபிடித்த "காணாமல் போன நாள்": பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

கேள்வி | ஆகஸ்ட் 11, 2024

சபையில் ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன். அடுத்த பாடம் யோசுவா 10, யோசுவா ஜெபித்ததும் சூரியன் தரித்து நின்ற பகுதி. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. நாசா விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் பின்னோக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டே போனபோது ஒரு நாள் உதைத்ததாம். 23 மணி 20 நிமிடம் யோசுவாவின் நாளில் சரியாகிவிட்டதாம். மீதி 40 நிமிடம் எசேக்கியா ராஜா காலத்தில் நிழல் பத்துப் பாகை திரும்பியதில் அடைபட்டதாம். பிள்ளைகளுக்குச் சொன்னால் விசுவாசம் பலப்படும் என்று நினைக்கிறேன். உண்மைதானே? டீச்சர் இருந்தால் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 11, இரவு

சொல்லாதீர்கள் தம்பி. அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

இந்தக் கதை நான் கல்லூரியில் படிக்கும்போதே துண்டுப்பிரசுரமாகச் சுற்றியது. அப்போது சைக்ளோஸ்டைல் தாள், இப்போது வாட்ஸ்அப், அவ்வளவுதான் வித்தியாசம். 1970 வாக்கில் அமெரிக்காவில் இதைப் பரப்பியவர் ஹரால்ட் ஹில். பால்டிமோரில் ஒரு எஞ்சின் கம்பெனியின் தலைவர். மேரிலாந்தில் உள்ள நாசா மையத்தில் நடந்ததாக மேடைகளில் சொல்லி வந்தார், பத்திரிகைகளில் வந்தது, பிறகு தன் புத்தகத்திலும் சேர்த்தார். ஆதாரம் கேட்டபோது, அந்த விவரம் எழுதிய தாள் எங்கோ போய்விட்டது என்றார். நாசா பலமுறை மறுத்துவிட்டது.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. அதே 23 மணி 20 நிமிடம், அதே 40 நிமிடம், 1936ல் ஹாரி ரிம்மர் எழுதிய புத்தகத்திலேயே இருக்கிறது. அவர் அதை எடுத்தது 1890ல் டாட்டன் என்ற ராணுவ அதிகாரி எழுதியதிலிருந்து. நாசா தொடங்கியது 1958ல். அதாவது கம்ப்யூட்டர் "கண்டுபிடித்த" விடை, கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே அச்சில் இருந்திருக்கிறது.

40 நிமிடம் எப்படி வந்தது என்பதும் எளிது. 360 பாகைக்கு 24 மணி, 10 பாகைக்கு 40 நிமிடம். 24 மணியில் அதைக் கழித்தால் 23.20. முழு நாளைக்கு அந்த 40 நிமிடம் குறைகிறது, வேதத்திலோ "ஏறக்குறைய" ஒரு பகல் என்று இருக்கிறது என்று யாரோ உட்கார்ந்து பொருத்தியிருக்கிறார்கள். ஆறாம் வகுப்புக் கணக்கு.

ஆகஸ்ட் 12, காலை

மேலே ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். "நல்ல நோக்கத்துக்காகச் சொல்வதில் என்ன தப்பு? நாலு பேர் ஆண்டவரிடம் வந்தால் நல்லதுதானே?"

யோபு 13:7 எடுத்துப் பாருங்கள். "நீங்கள் தேவனுக்காக நியாயக்கேடாய்ப் பேசி, அவருக்காக வஞ்சகமாய் வசனிக்கவேண்டுமோ?" யோபுவின் நண்பர்கள் கடவுள் பக்கம்தான் பேசினார்கள். அவருக்கு வக்காலத்து வாங்குவதாக நினைத்து, கண்ணால் காணாததையெல்லாம் கண்டதுபோலச் சொன்னார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம் யார்மேல் மூண்டது என்று படித்துப் பாருங்கள். கேள்வி கேட்ட யோபுவின்மேல் அல்ல.

இந்த இழையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். வேதத்துக்குப் பொய்ச்சாட்சி தேவையில்லை. அதை நம்புகிறவர்கள்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 12, மாலை

"நாசா சொல்லாவிட்டாலும், கம்ப்யூட்டரில் போட்டால் தெரிந்துவிடாதா?" என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பதில்: தெரியாது. முப்பது வருடம் பௌதிகம் நடத்தியவள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரவில் எல்லாரும் தூங்கும்போது சுவர்க் கடிகாரம் நின்றுபோய், கொஞ்ச நேரத்தில் தானாக மறுபடி ஓடத் தொடங்கியது என்று வையுங்கள். காலையில் அந்தக் கடிகாரத்தை மட்டும் பார்த்து, அது இடையில் நின்றதா என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு கடிகாரம் வேண்டும். வானக் கணக்கும் அப்படித்தான். இன்றைய சூரிய சந்திர நிலைகளிலிருந்து பின்னோக்கிப் போனால் கணக்கு வழுக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும், எங்கும் இடிக்காது. இடிக்க வேண்டுமானால் அந்தக் காலத்து மனிதர் ஒருவர் "இன்ன நாள், இன்ன நேரம், இன்னதைக் கண்டேன்" என்று எழுதி வைத்த குறிப்பு வேண்டும். யோசுவாவின் நாளுக்கு முன்னும் பின்னும் அப்படித் தேதியோடு எழுதிய வானக் குறிப்புகள் நம் கையில் இல்லை.

அப்புறம், குறிப்பு இருக்கிற இடத்தில் நடந்தது எந்த வாட்ஸ்அப் கதையைவிடவும் அழகு. கி.மு. 136, ஏப்ரல் 15. பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம். அங்கிருந்த வானவியலார் ஈரக் களிமண்ணில் ஆப்பு வடிவ எழுத்தில் நேரத்தைக் குறித்திருக்கிறார்கள். பகலில் எந்தெந்தக் கிரகங்கள் தெரிந்தன என்றுகூட எழுதியிருக்கிறார்கள். அந்தக் களிமண் பலகைகள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பூமி ஒரே வேகத்தில் சுற்றி வந்திருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால் அந்தக் கிரகணம் பாபிலோனில் தெரிந்திருக்கவே கூடாது. சுமார் 49 பாகை மேற்கே தள்ளிப் போய்விடுகிறது. நேரத்தில் சொன்னால் மூன்றேகால் மணிக்குக் கிட்ட.

அந்த மூன்றேகால் மணி நேரம் எங்கே போனது? பூமியின் சுழற்சி மெல்ல மெல்லத் தளர்கிறது. கடல் ஏற்றவற்றத்தின் இழுப்பு முக்கியக் காரணம். ஒரு நூற்றாண்டில் நாளின் நீளம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகக் கூடுகிறது. நாள்தோறும் அந்தத் துளி சேர்ந்து இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டில் இவ்வளவு ஆகிறது.

தம்பி, பாடத்தில் நேரம் மிஞ்சினால் இதைச் சொல்லுங்கள். "காணாமல் போன நேரம்" என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க உதவியது, பார்த்ததை உள்ளபடி எழுதிய ஒரு பாபிலோன்காரர்.

ஆகஸ்ட் 13

"எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" (1 தெசலோனிக்கேயர் 5:21). இதை நேற்றே எழுதுவேன் என்று எதிர்பார்த்ததாக ஒரு சபை ஐயர் எழுதியிருக்கிறார். வேண்டுமென்றேதான் தள்ளி வைத்தேன். இந்த வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்து "பவுல் அறிவியல் முறையைக் கற்றுக்கொடுத்தார்" என்று சொன்னால் அதுவும் நாசா கதையின் தங்கைதான். முந்தின வசனம் தீர்க்கதரிசனங்களைப் பற்றியது. சபையில் ஒருவர் எழுந்து "கர்த்தர் சொல்லுகிறார்" என்றால் அற்பமாக எண்ணாதே, ஆனால் சோதித்துப் பார், இதுதான் அங்கே விஷயம். ஆய்வுக்கூடம் பவுலின் மனதில் இருந்திருக்காது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருவர் சொல்லும் வார்த்தைகளிலேயே உயர்ந்தது என்று சபை மதித்தது தீர்க்கதரிசனத்தை. அதையே சோதிக்கச் சொன்னவர், மற்றதைச் சும்மா நம்பச் சொல்வாரா? பெரேயா ஊர்க்காரர்களை அப்போஸ்தலர் நடபடிகள் 17 எதற்காகப் புகழ்கிறது? பவுல் சொன்னது சரியா என்று தினமும் வேதத்தைப் புரட்டிப் பார்த்ததற்காக. பவுல் சொன்னதையே சரிபார்த்திருக்கிறார்கள். யாரும் அவர்களை அவிசுவாசிகள் என்று திட்டவில்லை.

நீதிமொழிகள் 18:17 இன்னும் கூர்மை. "தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான், அவன் அயலானோ வந்து அவனைப் பரிசோதிக்கிறான்." ஆய்வுக் கட்டுரையை அச்சிடுமுன் அதே துறையில் உள்ள இன்னொருவர் கையில் கொடுத்துக் குடையச் சொல்கிறோமே, அதன் அடிப்படை இந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஆகஸ்ட் 14

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்று இயேசுவே சொன்னாரே. அப்புறம் சோதனை என்ன சோதனை?"

ஆமாம், மத்தேயு 4ல் சொன்னார். எந்த இடத்தில்? தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள், வசனம் இருக்கிறது என்று பிசாசு சொன்ன இடத்தில். வசனத்தைக் காட்டிக் குதிக்கச் சொல்கிறவனுக்குச் சொன்ன பதில் அது. "நான் சொல்கிறபடி செய்து காட்டு, இல்லாவிட்டால் நீ கடவுள் இல்லை" என்று நிபந்தனை போடுவது ஒன்று. ஒரு மனிதன் கடவுள் பேரில் சொல்வது மெய்யா என்று விசாரிப்பது வேறு. முதலாவதைத்தான் வேதம் தடுக்கிறது. இரண்டாவதைக் கட்டளையாகவே சொல்கிறது.

கிதியோன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அதனால்தான் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். நியாயாதிபதிகள் 6 கடைசிப் பகுதி. மயிருள்ள ஆட்டுத்தோலைக் களத்தில் போடுகிறார். முதல் இரவு, தோல் மட்டும் நனைய வேண்டும், தரை காய்ந்திருக்க வேண்டும். விடிந்து பார்த்தால் அப்படியே இருக்கிறது. பிழிந்தால் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர். அங்கே நிறுத்தவில்லை. "கோபப்படாதேயும்" என்று கேட்டுக்கொண்டு மறு இரவு தலைகீழாகக் கேட்கிறார். தோல் காய்ந்திருக்கட்டும், தரை நனையட்டும்.

அந்த இரண்டாம் இரவை வகுப்பில் எத்தனை பேர் விளக்கிக் கேட்டிருப்பீர்கள்? கம்பளி மயிர் ஈரத்தை இழுக்கும். தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. களமோ இறுகிய தரை, வெயில் பட்டதும் காய்ந்துவிடும். ஆக முதல் இரவில் கண்டதற்கு அற்புதமே தேவையில்லை என்று ஒருவர் வாதாடலாம். மாற்றிப்போட்டுப் பார்த்தால்தான் அந்தச் சந்தேகம் அடைபடும். ஆடுமாடு வைத்திருந்த வீட்டுப் பிள்ளை கிதியோன், கம்பளியின் குணம் தெரியாமலா இருக்கும்? நாம் இன்று "கட்டுப்பாட்டுச் சோதனை" என்று பாடப்புத்தகத்தில் எழுதுவதை அவர் பயந்து பயந்து செய்திருக்கிறார்.

ஆகஸ்ட் 14, இரவு

தானியேலின் பத்து நாள் மரக்கறிச் சோதனை பற்றியும் கேட்டிருக்கிறார்கள். ராஜாவின் உணவு வேண்டாம், மரக்கறியும் தண்ணீரும் போதும் என்று, பாபிலோன் அரண்மனையில் தங்களைக் கவனித்த மேல்ஷாரிடம் "பத்துநாள்வரைக்கும் உமது அடியாரைச் சோதித்துப்பாரும்" என்று கேட்டது. காலக்கெடு இருக்கிறது, ஒப்பிட மற்றொரு கூட்டம் இருக்கிறது, முடிவைப் பார்ப்பவர் வேறு ஆள். மருத்துவச் சோதனைகளின் வரலாறு எழுதுகிறவர்கள் பலர் இந்தக் கதையிலிருந்து தொடங்குவது அதனால்தான். பிறகு 1747ல் ஜேம்ஸ் லிண்ட் கப்பலில் ஸ்கர்வி (ஈறு வீங்கி இரத்தம் கசியும் நோய்) வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதப் பத்தியம் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இரண்டு பேர் சீக்கிரம் தேறினார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தானியேலும் நண்பர்களும் தாங்களே விரும்பி ஒரு பக்கம் போனவர்கள், நான்கே பேர், முகப்பொலிவை வைத்து முடிவு. இன்றைக்கு இதை வைத்து "மரக்கறியே சிறந்தது" என்று கட்டுரை எழுத முடியாது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. "என் கடவுள் பெரியவர், நீ ஒத்துக்கொள்" என்று தானியேல் அந்த அந்நிய அதிகாரியிடம் சொல்லவில்லை. "நீரே பார்த்து, நீர் கண்டபடி செய்யும்" என்கிறார். முடிவு தனக்கு எதிராகப் போகலாம் என்று தெரிந்தே.

ஆகஸ்ட் 16

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

என் அத்தைக்குப் பல வருடச் சர்க்கரை. ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து "குணமாயிட்டேன், மேடையில சாட்சியும் சொல்லிட்டேன்" என்று மாத்திரையை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டார்கள். நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மாத்திரை போட்டால் அவிசுவாசம் ஆகிவிடுமாம். மேடையில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். கால் பெருவிரலில் ஒரு புண், செருப்பு வார் உரசியது. ஆறவில்லை.

நான் சண்டை போடவில்லை. லூக்கா 17ஐ வாசித்தேன். பத்துக் குஷ்டரோகிகள். இயேசு என்ன சொல்கிறார்? "நீங்கள் போய், ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்." அந்த ஆசாரியர்கள் அவருக்கு வேண்டியவர்கள் அல்ல. ஆனாலும் அவர்களிடம் காட்டி, அவர்கள் பார்த்துச் சுத்தம் என்று சொன்ன பிறகுதான் ஊருக்குள் வர வேண்டும். அந்தப் பரிசோதனை லேவியராகமம் 13ல் விலாவாரியாக இருக்கிறது. தோலின் நிறம் பார், மயிர் வெளுத்திருக்கிறதா பார், சந்தேகம் என்றால் ஏழு நாள் தனியாக வை, மறுபடி பார், இன்னும் ஏழு நாள் வை, மறுபடி பார்.

"அத்தை, ஆண்டவர் குணமாக்கினவங்களையே போய்க் காட்டிட்டு வாங்கன்னு அனுப்பியிருக்கார். நீங்களும் காட்டுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு விரலை நீட்டினார்கள். மெஷினில் 340 என்று வந்தது. அத்தை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் "அந்த டப்பாவை எடு" என்றார்கள். புண் ஆற வெகு நாள் ஆனது, விரல் தப்பியது. இப்போதும் அந்த ஜெபக் கூட்டத்துக்குப் போகிறார்கள். போகும்போது மாத்திரையும் பையில் போகிறது.

யார் கூட்டம், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். குணமானேன் என்று சாட்சி சொல்ல வருகிறவரிடம் "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கிற சபை வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஆகஸ்ட் 17

கத்தோலிக்க நண்பர் ஒருவர் "எங்கள் தானியேலில் இன்னும் நல்லது இருக்கிறதே" என்று நினைவூட்டியிருக்கிறார். நன்றி ஐயா. நம் பழைய மொழிபெயர்ப்பில் தானியேல் 12 அதிகாரத்தோடு முடிந்துவிடும். திருவிவிலியத்தில் 13, 14 உண்டு.

14ஆம் அதிகாரம். பாபிலோனில் பேல் என்ற சிலை. தினமும் மாவு, நாற்பது ஆடு, திராட்சை மது படைக்கிறார்கள். காலையில் பார்த்தால் எல்லாம் காலி. "உயிருள்ள தெய்வம் இல்லாவிட்டால் எப்படிச் சாப்பிடும்?" என்கிறார் ராஜா. குருக்கள் எழுபது பேரும், நாங்கள் வெளியே போய்விடுகிறோம், கதவைப் பூட்டி உங்கள் முத்திரையை வையுங்கள் என்று தைரியமாகச் சொல்கிறார்கள். அவர்கள் போனபின் தானியேல் ராஜாவின் கண்ணெதிரே கோவில் தரை முழுக்கச் சாம்பலைத் தூவச் சொல்கிறார். கதவைப் பூட்டுகிறார்கள். காலையில் முத்திரை உடையவில்லை, படையல் காலி. ராஜா "பேல் பெரியவர்" என்று கத்துகிறார். தானியேல் சிரித்துக்கொண்டே, உள்ளே கால் வைக்காதபடி அவரைப் பிடித்து நிறுத்துகிறார். "தரையைப் பாரும்." சாம்பலில் ஆண், பெண், பிள்ளைகள் காலடித் தடங்கள். படையல் மேசைக்கு அடியில் ரகசிய வழி.

ராஜாவைத் தடுத்து நிறுத்துகிற அந்த நொடியைக் கவனியுங்கள். அவர் இரண்டடி வைத்திருந்தால் தடயம் கலைந்திருக்கும்.

13ஆம் அதிகாரத்தில் சூசன்னாவின் வழக்கு. இரண்டு மூப்பர்கள் சேர்ந்து பழி சுமத்துகிறார்கள். ஊரே நம்புகிறது. தானியேல் அவர்களைத் தனித்தனியாக வைத்து "எந்த மரத்தின் கீழ் பார்த்தாய்?" என்று கேட்கிறார். ஆளுக்கொரு மரம் சொல்கிறார்கள். ஒரு பெண்ணின் உயிர் அந்த ஒரு கேள்வியில் தப்புகிறது. நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இவை தெரியாமல் போவது எனக்கு வருத்தம்தான்.

ஆகஸ்ட் 19

நம்பிக்கை இல்லாத தம்பி ஒருவர் நேராகக் கேட்டுவிட்டார். "பேலைச் சோதித்தீர்கள், சரி. உங்கள் ஜெபத்தைச் சோதித்தீர்களா?"

சோதித்திருக்கிறார்கள். 2006ல் வெளியானது. அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகள், இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1802 பேர். மூன்று குழு. ஜெபிக்கப்படுமா இல்லையா என்று தெரியாதவர்களில், ஜெபிக்கப்பட்டவர்களுக்கு 52 சதவீதம் பேருக்குச் சிக்கல், ஜெபிக்கப்படாதவர்களுக்கு 51. வித்தியாசமே இல்லை. உனக்காகக் கட்டாயம் ஜெபிப்பார்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு 59. அதாவது கூடுதல். "என் நிலைமை அவ்வளவு மோசமா?" என்ற கலக்கமாக இருக்கலாம் என்று சிலர் விளக்கினார்கள்.

நான் இதை மூடி மறைக்கப் போவதில்லை. முகம் தெரியாதவர்கள் எழுதிக் கொடுத்த பெயரைச் சொல்லி ஜெபித்தால் அறுவைச் சிகிச்சைச் சிக்கல் குறையும் என்று யாராவது சொன்னால், அந்த ஆய்வு அதற்கு ஆதாரம் தரவில்லை. முடிவு மாறி வந்திருந்தால் நாம் எத்தனை மேடையில் அதைப் பேசியிருப்போம் என்று நினைத்துப் பாருங்கள். அப்படியானால் இதையும் பேசத்தான் வேண்டும்.

நான் ஜெபிக்கிறேன். அத்தைக்காகவும் ஜெபித்தேன். ஜெபத்தை மருந்தின் அளவுபோல வேளாவேளைக்குக் கொடுத்து விளைவை எண்ணலாம் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. கெத்செமனேயில் கேட்டதே "உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று முடிந்தது. தம்பிக்கு இந்தப் பதில் போதாது என்று தெரியும். எனக்கும் சில ராத்திரிகளில் போதாது.

ஆகஸ்ட் 20

கலிலியோவை எப்போது இழுப்பீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துவிட்டது.

ஆம், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காக 1633ல் திருச்சபை அவரைக் குற்றவாளியாக்கியது. 1642ல் சாகும்வரை வீட்டுக்காவல். 1992ல் போப் இரண்டாம் ஜான் பால் அந்தத் தீர்ப்பின் தவற்றை ஒத்துக்கொண்டார். இதில் நியாயப்படுத்த ஒன்றும் இல்லை.

ஆனால் நம் இழைக்கு நேராகப் பொருந்தும் ஒன்று. கலிலியோவுக்கு எதிராக எடுத்துக் காட்டிய வசனங்களில் முக்கியமானது எது தெரியுமா? இதே யோசுவா 10. 1613 டிசம்பரில் டஸ்கனிப் பிரபுவின் தாயார் கிறிஸ்டினா, பூமி சுற்றினால் யோசுவா சூரியனை ஏன் நிற்கச் சொன்னார் என்று கலிலியோவின் மாணவர் கஸ்டெல்லியிடம் கேட்டார். அதிலிருந்துதான் கலிலியோ 1615ல் கிறிஸ்டினாவுக்கு எழுதிய நீண்ட கடிதம் பிறந்தது. அதில் அவர் பழங்காலத் திருச்சபை அறிஞர் அகஸ்டினை இழுக்கிறார். நட்சத்திரங்களையும் பூமியையும் பற்றித் தெரிந்த ஒருவர் முன்னால் கிறிஸ்தவர் ஒருவர் வேதத்தின் பேரில் உளறினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அவர் சொல்வதை யார் நம்புவார் என்று அகஸ்டின் ஆயிரத்து அறுநூறு ஆண்டுக்கு முன்பே கவலைப்பட்டிருக்கிறார்.

அன்று அந்த அதிகாரத்தை வைத்து ஓர் உண்மையை அடக்கினார்கள். இன்று அதே அதிகாரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு பொய்யைப் பரப்புகிறோம்.

ஆகஸ்ட் 22

எறும்பு. யாரோ "வேதம் அன்றே சொன்னது, விஞ்ஞானம் பிறகுதான் கண்டது" என்று நீதிமொழிகள் 6ஐப் போட்டிருக்கிறார். இதில் மெய் உண்டு, ஆனால் அவசரம் வேண்டாம்.

"அறுப்புக்காலத்தில் தனக்குத் தானியத்தைச் சேர்த்துவைக்கும்" என்று சாலொமோன். வட ஐரோப்பாவில் எறும்பை ஆராய்ந்தவர்கள் அங்குள்ள இனங்கள் தானியம் சேர்ப்பதைக் காணவில்லை. அதனால் முன்னோர் புழுக்கூட்டை விதை என்று எண்ணிவிட்டார்கள் போலும் என்று பலர் எழுதினார்கள். அது தவறு என்று காட்டிய குறிப்புகள் நம் பக்கத்திலிருந்துதான் முதலில் போயின. 1830களில் பூனாவில் கர்னல் சைக்ஸ், மழை விட்டதும் எறும்புகள் நனைந்த புல்விதைகளை மேலே கொண்டுவந்து காயவைப்பதைப் பார்த்து எழுதினார். சென்னை ராணுவ மருத்துவர் ஜெர்டன் தென்னிந்திய எறும்புகளைப் பற்றி 1851ல் எழுதியபோது விதை சேர்ப்பதைக் குறித்தார்.

பிறகு மாக்ரிட்ஜ் என்ற இளைஞர். நெஞ்சு நோய், குளிர் தாங்காது, அதனால் தெற்கு பிரான்சில் மென்டோனுக்கு வந்து தங்கினவர். அங்கே புற்றைத் தோண்டிக் களஞ்சிய அறைகளைக் கண்டார். ஈரமண்ணுக்குள் கிடந்தும் விதைகள் முளைக்காமல் இருந்தன. எடுத்து விதைத்தால் முளைத்தன. முளைவிட்டதன் முனையை எறும்பு கடித்துவிடுவதையும் பார்த்தார். விதை நிறத்தில் சின்னப் பீங்கான் மணிகளைப் புற்றருகே தூவிப் பார்த்தார். முதலில் தூக்கிக்கொண்டு போன எறும்புகள் கொஞ்ச நேரத்தில் மணியைச் சீண்டுவதை விட்டுவிட்டன. 1873ல் புத்தகம் வந்தது. அடுத்த ஆண்டு இறந்துபோனார், வயது 32.

இதை "வேதம் ஜெயித்தது" என்று கொண்டாட எனக்கு மனமில்லை. அந்த நாட்டு விவசாயி எவருக்கும் தெரிந்த எறும்புதான் அது. சாலொமோன் "எறும்பினிடத்தில் போய், அதின் வழிகளைப் பார்த்து" கற்றுக்கொள் என்றார். நோயாளி உடம்போடு மண்ணில் முழங்கால் போட்டு அதைச் செய்தவர் மாக்ரிட்ஜ்.

ஆகஸ்ட் 25

மேசை சுற்றும் ஆவி பற்றிக் கேட்ட சிஸ்டருக்கு. 1853ல் லண்டன் முழுக்க இதே பேச்சு. நாலைந்து பேர் மேசைமேல் கை வைத்தால் மேசை தானே நகரும். இறந்தவர் ஆவி என்றார்கள், மின்சாரம் என்றார்கள், சாத்தானின் வேலை என்று சில போதகர்கள் புத்தகமே போட்டார்கள். மின்சார ஆராய்ச்சியில் பெயர்பெற்ற விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே என்ன செய்தார்? சான்டமேனியன் என்ற சின்னஞ்சிறு சபையில் ஆயுள் முழுக்க இருந்தவர், அங்கே மூப்பராக இருந்து பிரசங்கித்தவர். அவர் அட்டைகளை அடுக்கி இடையில் மெழுகுபோன்ற பசையை உருண்டைகளாக வைத்தார். மேசை கையை இழுத்தால் அடி அட்டை முன்னே போயிருக்கும். கை மேசையைத் தள்ளினால் மேல் அட்டை முன்னே போயிருக்கும். மேல் அட்டைதான் போயிருந்தது. அப்புறம் கை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று காட்டும் ஒரு முள்ளை வைத்தார். முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தபோது மேசை அசையவில்லை. உட்கார்ந்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. தாங்கள் தள்ளுவது அவர்களுக்கே தெரியவில்லை.

"ஆவிகள் தேவனால் உண்டானவைகளோ என்று சோதித்தறியுங்கள்" என்கிறது 1 யோவான் 4. ஆவியே இல்லை, விரல்தான் என்பதும் ஒரு சோதனை முடிவுதான். நம் ஊரில் பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண் பிள்ளைகளை நினைத்து இதை எழுதுகிறேன்.

கேம்பிரிட்ஜில் பௌதிக மேதை மாக்ஸ்வெல் காலத்தில், 1874ல் திறந்த கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தின் கதவில் சங்கீதம் 111:2 லத்தீனில் செதுக்கியிருக்கிறது. "கர்த்தருடைய செய்கைகள் பெரியவைகளும், அவைகளில் பிரியப்படுகிற எல்லாராலும் ஆராயப்படுகிறவைகளுமாயிருக்கிறது." 1897ல் எலெக்ட்ரானைக் கண்டது அந்தக் கூடத்தில்தான். "பிரியப்படுகிற எல்லாராலும்" என்பதில் ஜெபத்தைப் பற்றிக் கேட்ட நம் தம்பியும் சேர்த்தி என்றே நான் வாசிக்கிறேன், நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

ஆகஸ்ட் 27

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் அந்தச் செய்தியை வாசித்துக் காட்டி, "இதை எப்படிச் சரிபார்ப்பீர்கள்?" என்று கேட்டாராம். ஒரு பெண் "நாசாவுக்கே மெயில் போடலாம்" என்றாளாம், இன்னொருவன் "எந்த வருஷம், யார் பேர்னு போடலையே" என்றானாம். அந்தப் பையனை விடாதீர்கள் தம்பி.

சூரியன் நின்றது எப்படி என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்கிறீர்கள். யோசுவா ஜெபித்தான், இஸ்ரவேலர் அந்த நாளை மறக்கவில்லை, எப்படி நடந்தது என்று வேதம் விளக்கவில்லை, எனக்கும் தெரியாது என்று சொல்லுங்கள். பிள்ளைகள் அதைத் தாங்குவார்கள்.

கிதியோன் சோதனையைச் செய்துகாட்டலாமா என்ற கேள்விக்கு: தாராளமாக. இப்போது நம் பக்கம் பனி போதாது, மார்கழி வரட்டும். மொட்டைமாடியில் ஒரு பழைய கம்பளித் துண்டு, அதே எடையில் பருத்தித் துணி, ஒரு நெகிழித் தாள். மூன்றையும் வெயிலில் நன்றாகக் காயவைத்து, சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரவு விரித்துவிட்டு, வெயில் ஏறுமுன் மறுபடி எடை போடுங்கள். எது கூடும் என்று பிள்ளைகளை முந்தின நாளே எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதியதை அழிக்கக் கூடாது. ஒரே இரவோடு நிறுத்தாதீர்கள், மறு இரவு இடத்தை மாற்றிப் போடுங்கள். மழை வந்தால் அன்றைய கணக்கு சேராது.